எந்த வகுப்பில் சேர்வது?

சென்ற ஆண்டு கோடையில் மூன்று மாதம் மிச்சிகனில் மகள் வீட்டில் இருந்தேன். ஒரு நாள் இரவு பேரன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வயது 19.

“தாத்தா, இதுல எதை டிக் பண்ணலாம்?”

ஆட்டோகிராஸ் ஓட்டுநர் பள்ளி ஒன்றின் விண்ணப்பம் அது. தொடக்க நிலை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று கட்டங்கள். பையனின் மனம் இடைநிலையில் இருந்தது. “ஒரு சீசன் ஓட்டிட்டான், இனிமே எதுக்கு மாமா அரிச்சுவடி?” என்றார் மாப்பிள்ளை. “எதுல ஆபத்து கம்மியோ அதுல சேரட்டும்” என்றாள் மகள். நான் தொடக்க நிலை என்றேன். மூவரும் சிரித்தார்கள். கார் ஓட்டவே தெரியாத கிழவன் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் என் கருத்துக்குக் காரணம் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டோகிராஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எனக்கே குழப்பமாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரால் குறிப்பிடுவது, மண் பாதையில் பல கார்கள் ஒன்றாகப் புழுதி கிளப்பி ஓடும் பந்தயத்தை. அமெரிக்காவில் அது வேறு. பெரிய வாகன நிறுத்துமிடத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிறக் கூம்புகளை அடுக்கி வளைந்து வளைந்து போகும் பாதை ஒன்றை அமைக்கிறார்கள். அதில் கார்கள் ஒவ்வொன்றாக ஓடுகின்றன. எதிரி கடிகாரம் மட்டும்தான். ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூம்பு சாய்ந்தாலோ, அதைச் சுற்றிப் போட்ட கோட்டுக்கு வெளியே முழுதாக நகர்ந்தாலோ 2 வினாடி அபராதம். வழி தவறினால் அந்த ஓட்டமே செல்லாது. பிரான்சில் இதற்கு நெருக்கமானதை ‘ஸ்லாலோம்’ என்பார்கள்.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் நடத்துவது 1944-இல் தொடங்கிய எஸ்.சி.சி.ஏ. என்ற சங்கம். நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் அவர்கள் நடத்தும் தேசியப் போட்டிக்கு 1,000 பேருக்கு மேல் வருகிறார்கள். வீட்டுக் காரையே ஓட்டலாம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

பேரனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். காலையில் எல்லோரும் பாதையை நடந்து பார்த்து மனப்பாடம் செய்தார்கள். காரில் உருளக்கூடிய தண்ணீர் பாட்டில் முதல் கால் மிதியடி வரை வெளியே எடுத்து வைத்தார்கள். சக்கர நட்டு, பேட்டரி, ஹெல்மெட் எல்லாவற்றையும் ஒருவர் சோதித்தார். ஒரு பாதிப் பேர் ஓட்டும்போது மறுபாதிப் பேர் வெயிலில் நின்று விழுந்த கூம்புகளை நிமிர்த்தினார்கள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

பேரனுக்கு நான்கு ஓட்டங்கள். முதலாவது 52.1, ஒரு கூம்பு. இரண்டாவது 50.4, சுத்தம். மூன்றாவதில் வழி தவறிவிட்டான். நான்காவது 51.8, இரண்டு கூம்புகள். அடுத்து நரைத்த தலையோடு ஒரு அம்மா அதே வகைக் காரில் வந்தார். 47.6, 47.4, 47.5, 47.3. நாற்பது வருஷம் பேரேடு கூட்டியவனுக்கு இந்த இரண்டு வரிசைகளுக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படாமல் போகுமா?

வீடு திரும்பும்போது பையன் தன்னுடைய 50.4-ஐப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு வந்தான். அந்த 50.4-ஐ வைத்துத்தான் இடைநிலைக்குத் தகுதி என்று நினைத்தான். என் கருத்து இதுதான்: நம்முடைய மிக நல்ல நாள் நம் நிலை ஆகாது. நாம் சாதாரணமாக என்ன செய்கிறோமோ அதுதான் நம் நிலை. 50.4 எப்படி வந்தது என்று கேட்டேன். அவனால் சொல்ல முடியவில்லை. எப்படி வந்தது என்று தெரியாத ஒன்றை மறுபடி வரவழைக்க முடியாது.

இதை நான் எங்கே கற்றேன் என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் வகுப்பு எண்கள் இறங்கிக்கொண்டே போகும். ஆறாவதான ‘சிசியேம்’ முடித்து ஐந்தாவது, பிறகு நான்காவது, மூன்றாவது. மூன்றாவதின் முடிவில் ‘ப்ரெவே’ பரீட்சை. ஐந்தாவதின் முடிவில் எங்கள் கணக்கு முசியே என் மதிப்பெண் ஏட்டில் ஒரே ஒரு சொல் எழுதினார்: ‘ரெதுப்லே’. அதே வகுப்பில் மறுபடி படிக்க வேண்டும் என்று பொருள். எனக்குப் பின்னம் சரியாக வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். அரை மணி நேரம் கழித்துச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். எனக்கு நான்காவதில் இடம் கிடைத்தது.

நான்காவதில் இயற்கணிதம். பின்னம் தெரியாதவனுக்கு அது கல்லில் நார் உரிக்கிற வேலை. புரியாததைக் கேட்டால் ‘இவன் இங்கே எப்படி வந்தான்’ என்ற கேள்வி வரும் என்று பயந்து, புரிந்ததுபோலத் தலையாட்டக் கற்றுக்கொண்டேன். இரண்டு வருஷம் நான் கற்ற ஒரே வித்தை அந்தத் தலையாட்டல். ப்ரெவேயில் தோற்றேன். அடுத்த வருஷம் மறுபடி எழுதித்தான் தேறினேன். ஆக, அப்பா காப்பாற்றிய அந்த ஒரு வருஷம் எப்படியும் போயிற்று. அதோடு ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. அது இன்றுவரை போகவில்லை.

பேரனிடம் இதைச் சொல்லவில்லை. நான்கு கேள்விகள் மட்டும் கேட்டேன்.

உன் ஓட்டங்கள் ஒன்றுக்கொன்று ஒரு வினாடிக்குள் இருக்கின்றனவா? நடந்து பார்த்த பாதையைத் தாளில் வரைய முடியுமா? ஓட்டி முடித்ததும் எந்த இடத்தில் நேரம் போயிற்று என்று சொல்ல முடியுமா? கூம்பை நெருங்கும்போது உன் கண் அந்தக் கூம்பில் இருக்கிறதா, அதற்கு அடுத்ததில் இருக்கிறதா?

இந்த நான்குக்கும் ஆம் என்றால் இடைநிலைக்குப் போகலாம். அங்கே கூம்புக்கு எத்தனை அங்குலம் பக்கத்தில் போவது, எந்தத் திருப்பத்தை விட்டுக்கொடுத்து எதைப் பிடிப்பது என்றெல்லாம் சொல்லித் தருவார்கள். கண் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவனுக்கு அந்தப் பேச்சு, பின்னம் தெரியாதவன் முன்னால் எழுதிய சமன்பாடு. தொடக்க நிலையில் கற்பிப்பவை பார்வை, கை, பிரேக். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது. முன் சக்கரத்துக்கு இருப்பது ஒரே சம்பளம். அதை பிரேக்குக்கே செலவழித்துவிட்டால் திருப்பத்துக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. இதை உடம்பு கற்கும்வரை மற்றதெல்லாம் வீண்.

உரிமம் வாங்கிச் சில மாதமே ஆன பிள்ளைகளுக்குத் தொடக்க நிலைகூட முதல் படி அல்ல. ‘ஸ்ட்ரீட் சர்வைவல்’ என்று இளைஞர்களுக்காகவே ஒரு நாள் பயிற்சி அங்கே உண்டு. ஈரத் தரையில் சறுக்கும் காரை நிதானப்படுத்துவது, அவசர பிரேக், திடீரென்று தடம் மாறுவது ஆகியவற்றைச் சொந்தக் காரிலேயே பழக்குகிறார்கள். அதில் போட்டியே கிடையாது. மகளின் கேள்விக்குச் சரியான பதில் அதுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கீழ் வகுப்பே எப்போதும் நல்லது என்று நான் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் இலாகாத் தேர்வுக்கு இன்னும் கொஞ்சம் தயாராகட்டும், இன்னும் கொஞ்சம் தயாராகட்டும் என்று பதினோரு வருஷம் விண்ணப்பமே போடவில்லை. அதுவும் மானத்தைக் காப்பாற்றும் வழிதான். தோற்பதற்கு அஞ்சி முதல் வகுப்பையே நாலு தடவை படிப்பவருக்கு நான் இடைநிலையைத்தான் சொல்வேன். வகுப்பின் பெயரைப் பார்த்துப் பெருமைப்படுவதும் தவறு, பயப்படுவதும் தவறு.

பேரன் கடைசிக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டான். “கூம்பைத்தான் பாக்குறேன் தாத்தா, அதை இடிக்கக் கூடாதுல்ல?” என்றான். சொன்ன பிறகு அவனே யோசித்தான். பேசாமல் முதல் கட்டத்தில் டிக் செய்தான்.

வகுப்பு முடிந்த அன்று மாலை நேரே என் அறைக்கு வந்தான். காலையிலேயே பயிற்சியாளர் அவனைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, அவனுடைய காரையே ஓட்டிக் காட்டினாராம். அதே கார், அதே டயர், அவனைவிட மூன்று வினாடி குறைவு. “நான் புது டயர் வாங்கணும்னு காசு சேத்துட்டு இருந்தேன் தாத்தா” என்றான். மாலையில் அவனுடைய கடைசி மூன்று ஓட்டங்களும் அரை வினாடிக்குள் இருந்தன. எண்களைத் தாளில் எழுதி எடுத்து வந்திருந்தான். ஒன்றின் கீழ் ஒன்றாக, நான் எழுதுவதுபோலவே.

அப்போதுதான் அவனுக்கு ஐந்தாவது வகுப்புக் கதையைச் சொன்னேன். பிரெஞ்சில் ‘ரெதுப்லே’ என்ற அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. முயற்சியையோ கவனத்தையோ இன்னும் கூட்டுவது. முசியே எந்தப் பொருளில் எழுதினார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டாவது பொருளும் இருக்கிறது என்று அன்றைக்கு யாராவது அப்பாவுக்குச் சொல்லியிருந்தால், அவர் அந்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் ஏதாவது ஒரு வகுப்பில் சேர விண்ணப்பத்தோடு வருவார்கள். வீணையாக இருக்கலாம், நீச்சலாக இருக்கலாம். எந்தக் கட்டத்தில் டிக் செய்வது என்று கேட்டால், அவர்களுடைய மிக நல்ல நாளைப் பற்றிக் கேட்காதீர்கள். சாதாரண நாள் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.