லேசான ஜுரம்

நமது நண்பர் ஒருவருக்குத் திங்கட்கிழமைதோறும் ஜுரம் வந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமை காலையில், இரவல் வாங்கிய புஸ்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதற்காக அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். கதவு பாதிதான் திறந்தது. "அவருக்கு லேசாக ஜுரம், அண்ணா! தூங்குகிறார்" என்றார் நண்பரின் மனைவி. வாசற்படியில் எட்டு வயதுப் பையன் உட்கார்ந்து பூட்ஸுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். "அப்பாவுக்கு எத்தனை நாளாக ஜுரம்?" என்று அவனைக் கேட்டு வைத்தோம். பையன் தலை நிமிரவில்லை. "ஆபீஸிலிருந்து யார் கூப்பிட்டாலும் ஜுரம் என்றுதான் சொல்ல வேண்டும், மாமா!" என்றான்.

தெர்மாமீட்டருக்கு அகப்படாத இந்த ஜுரத்தின் பெயர் குடி என்பதை நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள். சிலர் முகத்தைச் சுளிக்கவும் கூடும். "நம் போன்ற குடும்பங்களில் இந்தப் பேச்சு எதற்கு?" என்பார்கள். கூலி வேலை செய்கிறவன் கடை வாசலில் விழுந்து கிடந்தால்தான் குடி என்று நாம் வெகு காலம் எண்ணியிருந்தோம். விழுந்து கிடப்பதற்கு வீட்டில் மெத்தை போட்ட கட்டில் ஒன்று இருந்துவிட்டால், அதற்குக் குடி என்ற பெயர் போய் 'பார்ட்டி' என்ற பெயர் வந்துவிடுகிறது. கல்லீரலுக்கு மட்டும் இந்தப் பெயர் வித்தியாசம் தெரிவதில்லை.

மதுவிலக்குக்காகத் தமிழ்நாடு பட்டிருக்கும் பாடு கொஞ்சமல்ல. 1937-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜியின் மந்திரி சபை சேலம் ஜில்லாவில் கடைகளை மூடிற்று. கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ஆம் வருஷம் காந்தி ஜயந்தி முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று. பிறகு 1971-ல் கடைக் கதவு திறந்தது, 1974-ல் மூடிற்று, 1981-ல் மறுபடியும் திறந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் சர்க்காரே நடத்தி வருகிறார்கள். அந்தக் கதவைப் பற்றிச் சட்ட சபையிலும் மேடைகளிலும் பேச வேண்டியதுதான். ஆனால் அன்று நண்பர் வீட்டில் பாதி திறந்ததே, அந்தக் கதவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் உடம்பின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உள்ளே போன மதுவில் பெரும் பகுதியை அப்புறப்படுத்தும் வேலை கல்லீரலுடையது. அது நிதானமான குமாஸ்தா. சுமார் ஒரு சிறு அளவு மதுவைத் தீர்ப்பதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மோர் குடித்தாலும், காப்பி சாப்பிட்டாலும், தலையில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டினாலும் அது அவசரப்படாது. "கொஞ்சம் சாப்பிட்டால் நன்றாய்த் தூக்கம் வருகிறது" என்று சொல்வதும் பாதி உண்மையே. தூக்கம் சீக்கிரம் வருகிறது; ஆனால் பின்னிரவில் கலைந்து போகிறது. மது புற்றுநோய்க்குக் காரணமாகும் வஸ்து என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1988-லேயே முடிவு செய்துவிட்டது. 'இவ்வளவு வரையில் குடித்தால் தீங்கில்லை' என்று சொல்லத் தக்க அளவே கிடையாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் தெரிவித்தது.

இதெல்லாம் குடிக்கிறவரின் உடம்பைப் பற்றியது. ஆனால் வீட்டில் ஒருவர் குடித்தால், வீட்டிலுள்ள எல்லோரும் ஒரு வேலையை ஏற்றுக்கொள்கிறார்கள். மனைவி ஆபீஸுக்குச் சமாதானம் சொல்கிறார். தாயார் ஊராருக்குச் சமாதானம் சொல்கிறார். மூத்த பெண் தம்பியைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய்க் கதை சொல்கிறாள். எட்டு வயதுப் பையன் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறான். எல்லாம் அன்பினால் செய்வதுதான். குடும்ப மானத்துக்காகச் செய்வதுதான். அவர்களைக் குறை கூற நமக்கு யோக்கியதை இல்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. இத்தனை பேரும் பாடுபட்டுக் காப்பாற்றுவது மானத்தையல்ல, நோயைத்தான். குடித்ததனால் வர வேண்டிய சங்கடம் ஒவ்வொன்றையும் மற்றவர்கள் தங்கள் தோளில் தாங்கிக்கொண்டால், குடிக்கிறவருக்குத் தம் நிலைமை எப்படித் தெரியும்?

இந்த உண்மையைத் தம் வாழ்க்கையில் கண்டறிந்தவர் சாந்தி ரங்கநாதன். குடியினால் கணவரை இழந்த அந்த அம்மையார், 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். குடிக்கிறவருக்கு மட்டுமன்றி, அவர் குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை சொல்வது அங்கே நடக்கும் சிகிச்சையின் ஒரு பகுதி. அமெரிக்காவில் 1935-ல் குடியை விட முயன்ற இருவர் ஒருவருக்கொருவர் துணையாக நின்றதிலிருந்து ஒரு பெரிய சங்கம் வளர்ந்தது. அதில் ஒருவருடைய மனைவியான லோயிஸ் வில்ஸன், 1951-ல் குடும்பத்தாருக்கென்றே வேறு ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். நோய் ஒருவருக்கு, ஆனால் அதன் பாதிப்பு வீடு முழுவதற்கும் என்று இவர்கள் எல்லோருமே கண்டிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு விஷயம். "குடித்தால்தான் அடிக்கிறார்; மற்றபடி தங்கமானவர்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. குடித்த நிலையிலும் மேலதிகாரியை அடிக்கக் கூடாதென்பது இந்தத் தங்கமானவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. மனைவியிடம் மட்டும் அந்த ஞாபகம் போய்விடுகிறது! அடிக்கும் கை மதுவின் கையல்ல. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடியை மட்டுமல்ல, இழிவான பேச்சையும் வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதையும் கூடக் கொடுமை என்றே சொல்கிறது. அடி விழும் வீட்டில் பொறுமை என்பது குணமல்ல, அபாயம். 181 என்ற எண்ணில் உதவி கேட்பதில் எந்தப் பெண்ணுக்கும் எவ்வித இழிவும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? போதையில் இருப்பவரிடம் தர்க்கம் பண்ணுவது ஓடுகிற ரயிலுடன் வழக்காடுவது போலத்தான். மறுநாள் தெளிந்திருக்கும் வேளை பார்த்து, திட்டாமல், அழாமல், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். "நேற்று நீங்கள் வந்த கோலத்தைப் பார்த்துக் குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான்" என்ற ஒரு வார்த்தை, ஒரு மணி நேரப் பிரசங்கத்தைவிட ஆழமாகப் பதியும். இனிமேல் தமக்காக யாரும் பொய் சொல்லப் போவதில்லை என்பதையும் அவருக்குச் சாந்தமாகத் தெரிவித்துவிட வேண்டும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பழக்கம் முற்றியவரை அறையில் வைத்துப் பூட்டுவதோ, சுவாமி படத்தின் முன் சத்தியம் வாங்கிக்கொண்டு அன்றைக்கே அடியோடு நிறுத்தச் செய்வதோ கூடாது. திடீரென்று நிறுத்தினால் சிலருக்குக் கை நடுங்கும், வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால் ஆஸ்பத்திரியில் டாக்டரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். அவருக்குத் தெரியாமல் காப்பியில் கலந்து கொடுக்கும் மாத்திரையும் பொடியும் அதைவிட மோசம். அவற்றில் சில மதுவோடு சேர்ந்தால் இரத்த அழுத்தத்தைச் சடக்கென்று இறக்கி ஆளையே சாய்த்துவிடும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற எண்ணில் செலவில்லாமல் விசாரிக்கலாம்.

நமது நண்பரின் கதையை முடிக்க வேண்டுமல்லவா? சில மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை கதவு முழுவதும் திறந்தது. "ஜுரம் இல்லை, அண்ணா! ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஆபீஸுக்கும் நிஜத்தையே சொல்லிவிட்டேன்" என்றார் அந்த அம்மாள். குரல் நடுங்கிற்று, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. நண்பர் திரும்பி வந்தார். நடுவில் ஒரு முறை தவறினார். மறுபடியும் சிகிச்சைக்குப் போனார். இந்த நோயில் அப்படி நேர்வது உண்டு. அதனால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

போன திங்கட்கிழமை நாம் டெலிபோனில் கூப்பிட்டபோது பையன்தான் எடுத்தான். "அப்பா இருக்கிறாரா?" என்று கேட்டோம். "ஆபீஸுக்குப் போய்விட்டார், மாமா!" என்றான். சாதாரண வார்த்தைதான். ஆனால் அவன் சொன்னது நிஜம். அதைச் சொல்ல அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.