பிரேக் போட்டால் ஏன் முன்னால் விழுகிறோம்?



வேகமாகப் போவதால் மட்டும் நம் உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. வேகம் மாறும்போதுதான் வினை. இதை இந்த முறை செம்பவாங்கில் ரயிலேறியே பார்த்துவிடுவோம்.

சிங்கப்பூரின் வடகோடியில் உள்ள ஊர் அது. ஒரு காலத்தில் அங்கும் நம்மைப் போல ரப்பர்த் தோட்டங்கள்தாம். பிறகு பிரிட்டிஷ் கடற்படைத் தளம் வந்தது. தமிழரும் மலையாளிகளும் ஏராளமாக அங்கே வேலை செய்தார்கள். 1996 பிப்ரவரியில் ரயில் நிலையமும் திறந்தார்கள்.

ரயிலில் எதையும் பிடிக்காமல் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். கதவு சாத்தி வண்டி நகர்ந்ததும் பின்னால் சாய்கிறீர்கள் அல்லவா? உங்களை யாரும் பின்னால் தள்ளவில்லை. ரயிலின் தரை உங்கள் காலை முன்னால் இழுத்துப் போகிறது. மேலுடம்போ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நின்றது நிற்கப் பார்க்கும், ஓடுவது ஓடப் பார்க்கும். இந்தப் பிடிவாதம் எல்லாப் பொருளுக்கும் உண்டு.

ஒரு விநாடிக்கு வேகம் எவ்வளவு மாறுகிறது என்ற கணக்குக்கு முடுக்கம் என்று பெயர். இந்த ரயில்கள் கிளம்பும்போது ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகம் கூடும். முதல் விநாடி முடிவில் மணிக்கு 3.6 கிலோமீட்டர், அடுத்ததில் 7.2. இப்படியே போனால் 22 விநாடியில் 80 கிலோமீட்டர். அதன்பின் வேகம் மாறாமல் ஓடினால் கையை விட்டும் நிற்கலாம். அந்த வேகத்திலேயே பக்கத்து இருக்கைப் பாட்டி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்!

நியூட்டன் 1687-ல் வெளியிட்ட நூலிலிருந்து நமக்குக் கிடைத்த கணக்கு இது: நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை. உங்கள் நிறை 60 கிலோ, முடுக்கம் 1 என்றால் விசை 60 நியூட்டன். ஆறு கிலோ அரிசியைத் தூக்கிப் பிடிக்கும் பலம்தான். செருப்பின் உராய்வும் கைப்பிடியும் சேர்ந்து அதைக் கொடுத்துவிடும்.

இனி நிலையத்தை விட்டுச் சாலைக்கு வாருங்கள். வேலை முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு லோரிகள் போகின்றன. நம் தோட்டத்து ஆட்களுக்கும் இது பழகிய சவாரிதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லோரி மூன்றே விநாடியில் நின்றால், அதே 60 கிலோ ஆளை நிறுத்த வேண்டிய விசை சுமார் 34 கிலோ பாரத்துக்குச் சமம். பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்திருக்கும் ஒற்றைக் கை அதைத் தாங்குமா? லோரி எதன்மீதாவது மோதினால் சங்கதியே வேறு. லோரி நின்றுவிடும், பின்னால் இருப்பவர் அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்பலகைக்குப் போவார். அங்கே பத்தில் ஒரு விநாடியில் உடம்பு நின்றால், விசை ஒரு டன் பாரத்துக்குச் சமம். எந்தப் பயில்வானாலும் முடியாது. பதினான்கு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக்கு மேலிருந்து, விழுவதும் இதுவும் ஒன்று.

2021 ஏப்ரல் 20-ஆம் தேதி, சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் 17 தொழிலாளர்களை ஏற்றி வந்த லோரி, நின்றிருந்த டிப்பர் லோரியில் மோதியது. இருவர் இறந்தனர். ஆட்களை லோரியில் ஏற்றாமல் பேருந்தில் அழைத்துப் போகும்படி 2023-ல் பல அமைப்புகள் அரசாங்கத்தைக் கேட்டன. கேட்டது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. சரக்குக்குக் கயிறு கட்டுகிறோம், ஆளுக்கு ஒன்றுமில்லை. இருக்கைவார் செய்கிற வேலை, நம்மை வண்டியோடு சேர்த்து நிறுத்துவதுதான்.

ஓட்டுநர் அண்ணன்மாருக்கு ஒரு செய்தி. வேகத்தை 60-லிருந்து 30-ஆகக் குறைத்தால், மேற்சொன்ன பதினான்கு மீட்டர் பாதியாகக் குறைவதில்லை. காலாகக் குறைந்து மூன்றரை மீட்டராகிறது. ஏறியே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் தரையில் உட்கார்ந்து, முன்பலகையில் முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள். பிரேக் போட்டால் பலகை முதுகு முழுவதையும் தாங்கும். பின்கதவின் மேல் உட்காரவே கூடாது. பிள்ளைகளை ஏற்றவும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: சைக்கிளில் பால் வாளி கட்டிப் போகும் அப்பா திடீரென்று பிரேக் போட்டால் பால் எந்தப் பக்கம் சிந்தும்? வாளி நிறைய இருந்தால் அதிகம் சிந்துமா, பாதி இருந்தாலா? பாலை வீணாக்காமல் தண்ணீரில் செய்து பாருங்கள். விடை அடுத்த இதழில்.