தோட்டம் யாருடையது, முகாம் யாருக்கு?

ஏப்ரல் பிறந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடும். பத்து வயது முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கலை, இயற்கை முகாம். காலையில் விட்டு மாலையில் அழைத்துப்போகலாம். இடம், ஏதாவது ஒரு தோட்டம். பனையோலைக் கிளி, களிமண் யானை, இலை அச்சு, பறவை பார்த்தல், கடைசி நாள் பறை. கீழே ஒரு கட்டணம். கொடிக்காலிலும் கரும்புக்காட்டிலும் வேலை செய்கிற ஒரு அம்மாவின் பல நாள் கூலி அது. இவற்றைப் பகிர்பவர்களில் பாதிப் பேர் நம் தோழர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் 'தோட்டம்' என்ற சொல். சென்னையில் தோட்டம் என்றால் பூச்செடியும் புல்தரையும். மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் தோட்டம் என்றால் கிணறும் பாசனமும் உள்ள நிலம். 'அவர் தோட்டத்துக்காரர்' என்று சொன்னால் சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்துக்கு இருந்தவர்கள் அருந்ததியர்கள். பெரியவர்கள் வாங்கிய கடனுக்குப் பிள்ளைகள் ஆடு மேய்த்தார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் வந்தது 2000இல். கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலியச் சிறுவர்களின் கதை. படித்துப் பாருங்கள். அந்தப் பையன்களுக்குத் தெரியாத புல் இல்லை, பூச்சி இல்லை. இன்றைக்குப் பணம் கட்டிக் கற்றுத்தரப்படும் 'இயற்கை அறிவு' முழுவதும் அவர்களிடம் இருந்தது. விடுமுறைதான் இல்லை.

அது பழைய கதை என்பவர்கள் மே மாதத்தில் ஒருநாள் விடியலில் காவிரிக்கரைக்கு வரட்டும். ஜேடர்பாளையம் தடுப்பணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலும் மோகனூர் வாய்க்காலும் பாயும் இடமெல்லாம் வாழை, கரும்பு, கோரை, வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி மரத்தில் ஏற்றிய கொடியில் வெற்றிலையைக் கிள்ளி, நூறு இலை ஒரு கவுளியாக அடுக்கி, 104 கவுளி சேர்த்தால் வேலூர்ச் சந்தைக்கு ஒரு சுமை. அடுக்குகிற கைகளில் எட்டாம் வகுப்பு முடித்த கைகளும் இருப்பதை ஆய்வுக்காக அலையும்போது பார்க்கிறேன். கேட்டால், 'லீவுதானே, சும்மா அம்மாகூட வந்திருக்கு' என்பார்கள்.

சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. கூடவே ஒரு கதவையும் திறந்து வைத்தது: அபாயமில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறை நாட்களிலும் பிள்ளைகள் உதவலாம். பதினான்கு தாண்டினால் அபாயகரமான தொழில்களில் மட்டும்தான் தடை. ஆக, இந்த நாட்டில் கோடை விடுமுறை என்பதற்கே இரண்டு பொருள். ஒரு பிள்ளைக்கு அது இலையில் சாயம் தடவித் தாளில் ஒற்றி எடுக்கும் காலம். இன்னொரு பிள்ளைக்கு இலையை எண்ணி அடுக்கும் காலம். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஊரும் ஒன்றேதான்.

முகாமில் நடக்கும் கலைக்கு வருவோம். பல இடங்களில் 'குப்பையில் கலை' என்று ஒரு வகுப்பு உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிப் பூ செய்வார்கள். செய்யட்டும். ஆனால் ஊர்க் குப்பையை யார் அள்ளுகிறார்கள், ஏன் குறிப்பிட்ட சாதிகளே அள்ளுகின்றன என்ற கேள்வி அந்த வகுப்பில் எழுவதே இல்லை. பறையும் அப்படித்தான். இழவு வீட்டு வாசலில் இருந்த பறையை மேடைக்குக் கொண்டுவந்தவை நம் இயக்கங்கள். முகாமுக்குள் அது 'தமிழர் பாரம்பரிய இசை' என்று பெயர் மாறி நுழைகிறது. அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காகத் தாக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. அடவு மட்டும் சொல்லித்தருவார்கள்.

'மரத்தில்கூடவா சாதி பார்ப்பீர்கள்?' என்று ஒரு நண்பர் கேட்டார். பனைமரம் யாருடையது, அதில் ஏறுவது யார்? கிணறு யாருடையது, அதில் குதித்து நீச்சல் பழக யாருக்கு அனுமதி இருந்தது? பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒளிச்சேர்க்கை புரியும் என்றால் இதுவும் புரியும். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அம்பேத்கர் பதில் சொல்லிவிட்டார். இன்னமும் நாம் மாட்டு வண்டியில் பிள்ளைகளை ஏற்றி, 'இதுதான் நம் வேர்' என்று காட்டிக்கொண்டிருக்கிறோம்.

முகாமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கும் அது வேண்டும், இலவசமாக, அரசின் செலவில், பொது இடத்தில். 1888இல் மோகனூரில் ஒரு போலீஸ்காரரின் மகனாகப் பிறந்த ராமலிங்கம் பிள்ளை, 'நாமக்கல் கவிஞர்' ஆவதற்கு முன் ஓவியர். படம் வரைந்து பிழைத்தவர். அந்த ஊரில் இன்று தூரிகை பிடிக்க ஆசைப்படும் ஒரு அருந்ததியர் சிறுமி எங்கே போவாள்? கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து முதல் பதினாறு வயது வரை பாட்டு, நடனம், ஓவியம், சிலம்பம் கற்றுத்தருகிறது, கோடை முகாமும் நடத்துகிறது. ஆனால் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடுகிறது. மோகனூரிலிருந்து நாமக்கல் சுமார் 18 கிலோமீட்டர். தினமும் கூட்டிப்போய்க் கூட்டிவர, கூலிக்குப் போகும் பெற்றோரால் ஆகுமா?

அதைவிட முக்கியமானது சோறு. முட்டைக்குப் பெயர்போன மாவட்டம் இது. பள்ளி நாட்களில் சத்துணவோடு தினமும் கிடைக்கும் முட்டை, மே மாதத்தில் நின்றுபோகிறது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே உத்தரவிட்டது. வறட்சி இல்லாத ஆண்டில் மட்டும் பிள்ளைக்குப் பசிக்காதா?

அரசுப் பள்ளி வளாகங்கள் மே மாதம் முழுக்கப் பூட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு வேப்பமரமாவது இருக்கும். துளிர் இல்லங்களைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தியது யாருடைய தோட்டத்திலும் அல்ல. கிடைத்த திண்ணையிலும் மரத்தடியிலும்தான். பணமா? ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அதிலிருந்து கேட்கலாம். கொடிக்கால் வேலை தெரிந்த அம்மாவையும் ஆடு மேய்த்த தாத்தாவையும் பயிற்றுநராக அழைத்து, நகரத்திலிருந்து வரும் ஓவியருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தை அவர்களுக்கும் கொடுக்கலாம். ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து வரையட்டும்.

மதியச் சாப்பாட்டை யார் சமைப்பது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்வோம். 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் திரண்டு தடுத்ததையும் அவருக்கு இடமாற்றல் போட்டதையும், எதிர்ப்புக்குப் பிறகே அது திரும்பப் பெறப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. மோகனூர் முகாமில் அப்படி ஒரு பெண் சமைப்பார். அந்தச் சோற்றைச் சாப்பிட முடியாதவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கட்டணத் தோட்டத்துக்கே அனுப்பிக்கொள்ளலாம்.