கோப்பு அங்கே, நாங்கள் இங்கே

"வீட்ல உக்காந்துக்கிட்டே சம்பளம் வாங்கினவங்கதானே நீங்க?" இன்னமும் கேட்கிறார்கள். காய்கறிக் கடையில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். கொரோனா ஊரடங்கில் ஒரு மாவட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவள் நான். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

2020 மே 18 முதல் தமிழக அரசு அலுவலகங்கள் பாதி ஆட்களோடு இயங்கின. ஊழியர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். திங்கள், செவ்வாய் ஒரு குழு. புதன், வியாழன் அடுத்த குழு. வெள்ளி, சனி மறுபடியும் முதல் குழு. வீட்டில் இருப்பவர்கள் கூப்பிட்ட நேரத்துக்கு வரத் தயாராக இருக்க வேண்டும். தொற்றைத் தடுக்க அது சரியான ஏற்பாடுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வீட்டில் இருக்கும் நாளில் எதை வைத்து வேலை பார்ப்பது? அதை ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் அலுவலகத்தில் அப்போது அத்தனையும் காகிதம். தபால் வந்தால் எண் போட்டு, எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏற்றி, நடப்புக் கோப்பில் சேர்த்து, குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். என் பிரிவு எழுத்தர் ஒரு குழு, நான் இன்னொரு குழு. அவர் எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தால், கேட்பதற்கு அவர் எதிரில் இல்லை. போனில் கேட்டால், "கோப்பைப் பார்த்தாத்தான் மேடம் சொல்ல முடியும்" என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. கோப்பு என் மேசையில் இருக்கிறதே!

அந்த வருடம் எங்கள் ஓட்டுநர் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். குடும்ப ஓய்வூதிய முன்மொழிவு அசல் பணிப்பதிவேட்டோடு மாநிலக் கணக்காயருக்குப் போக வேண்டியிருந்தது. பதிவேடு பீரோவில், நான் வீட்டில். ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். மங்கிப்போன நீல மையில் ஒரு தேதி, அதன் மேலேயே முத்திரை. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அது 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக எழுத முடியுமா? ஓர் எண் தவறினால் கோப்பு திரும்பி வரும், மறுபடி அனுப்ப மாதக்கணக்காகும். என் முறை வரும்வரை பேசாமல் இருக்க வேண்டியதாயிற்று. அந்த ஓட்டுநரின் மனைவி போன் செய்து, "மேடம், எங்க பேப்பர் எந்த டேபிள்ல இருக்கு?" என்று கேட்பார். "வீட்ல இருக்கேம்மா, ஆபீஸ் போனதும் பார்த்துடறேன்" என்பேன். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாமல் நிற்பவருக்கு அந்தப் பதில் எப்படிப் பட்டிருக்கும்!

வீட்டில் இருந்த நாட்களில் சும்மாவும் விடவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் புள்ளிவிவரம் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி வரும், காலையில் அனுப்பியாக வேண்டும். மடிக்கணினி யாரும் தரவில்லை. என் போன், என் காசில் டேட்டா, அதே போனில்தான் பையனுக்கு ஆன்லைன் வகுப்பும். சம்பளப் பட்டியலுக்காவது ஐஎஃப்எச்ஆர்எம்எஸ் என்ற இணையவழி மென்பொருள் இருந்தது. மற்றதெல்லாம் பீரோவுக்குள் இருக்கும் காகிதம்தான்.

டெல்லியில் என்ன நடந்தது? 2020 மே மாதம் மத்திய பணியாளர் துறை ஒரு வரைவை எல்லா அமைச்சகங்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டது. ஏறக்குறைய 75 அமைச்சகங்களும் துறைகளும் கோப்பைக் கணினியிலேயே நகர்த்தும் மின் அலுவலகத்தில் இயங்குகின்றன, அவற்றில் சுமார் 57-இல் 80 சதவீதத்துக்கு மேல் வேலை அப்படியே நடக்கிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். வருடத்துக்கு 15 நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றும் யோசனை சொன்னார்கள். கோப்பு திரையில் இருந்தால் அது நடக்கும்தான். அங்கேயும் கோப்பைப் பூட்டி வைத்துவிட்டு ஆளை மட்டும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் 80 சதவீதம் எங்கிருந்து வந்திருக்கும்?

எங்களில் சும்மா இருந்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். போனை அணைத்து வைத்தவர்களையும் எனக்குத் தெரியும். வேலை பார்த்தவர் யார், பார்க்காதவர் யார் என்று பிரித்துக் காட்ட ஒரு வழியும் இல்லாததால் எல்லாருக்கும் 'சும்மா சம்பளம் வாங்கியவர்கள்' என்று ஒரே பெயர். வருவாய்த் துறையிலும் சுகாதாரத் துறையிலும் ஒரு நாள்கூட வீட்டில் இருக்க முடியாமல், தொற்றையும் வாங்கிக்கொண்டு திரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர். அகவிலைப்படி உயர்வை நிறுத்தினார்கள், சரண் விடுப்புப் பணத்தை நிறுத்தினார்கள். நாட்டு நிலைமை அப்படி என்று பொறுத்துக்கொண்டோம். இந்தப் பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை.

செப்டம்பரில் முழு ஆட்களோடு அலுவலகம் திறந்தது. வந்ததும் முதல் வேலையாக நிலுவைப் பட்டியல் கேட்டார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை இந்தக் கோப்பு ஏன் நகரவில்லை, விளக்கம் கொடு என்று எழுத்தருக்குக் குறிப்பாணை. கோப்பைத் தொடவே வழியில்லாத நாட்களுக்கு அந்தப் பிள்ளை என்ன விளக்கம் எழுதுவான்? "தங்கள் உத்தரவுப்படி வீட்டில் இருந்தேன்" என்று எழுதிக் கொண்டுவந்தான். அப்படியே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன்.