கோயிக்கல் மாதிரி ஒண்ணு நமக்கும் வேணும்

ஊரில் பழைய கட்டடம் ஒண்ணு பூட்டிக் கிடந்தால் நம்ம ஆட்களுக்கு ரெண்டே யோசனைதான். இடிச்சுக் கடை கட்டு, இல்லேன்னா கல்யாண மண்டபம். கொல்லயில், பாறசாலைப் பக்கத்து மக்களைத்தான் சொல்றேன். நானும் அந்த மண்ணுதான், அதனால் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

நெடுமங்காட்டில் கோயிக்கல் கொட்டாரம் இருக்கு. 17ஆம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட உமையம்மை ராணியின் நாலுகெட்டு. கேரளத் தொல்லியல் துறை 1992-ல் அதை நாட்டார்கலை அருங்காட்சியகமாக்கியது. பழைய நாணயங்களும் அங்கேயே இருக்கு. இடிச்சிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? நாலு கடை!

நம்ம பக்கம் சொல்லக் கதை இல்லையா? பார்த்திவபுரம் நமக்கு எட்டும் தூரம்தான். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் அங்கே கோயிலும் சாலையும் அமைச்சு, 95 சட்டர்கள் படிக்க ஏற்பாடு செய்ததைச் செப்பேடு சொல்லுது. காந்தளூர்ச் சாலையைப் பார்த்து வகுத்த ஏற்பாடு அது. சோழர் மெய்க்கீர்த்தியில் மட்டும் காந்தளூரைக் கேட்ட பிள்ளைகளுக்கு, அது ஒரு படிப்பிடம்னு யார் சொல்லிக் கொடுத்தது?

சிக்கல் எங்கேன்னா, 1956 நவம்பர் 1-ல் விழுந்த கோடு. விளவங்கோடு அந்தப் பக்கம் போச்சு, நெய்யாற்றங்கரை இந்தப் பக்கம் நின்னுது. பார்த்திவபுரம் தமிழ்நாட்டில், கோயிக்கல் கேரளாவில். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில், நிர்வாகம் கேரளாவிடம்! ஆய் நாட்டையும் வேணாட்டையும் ஒரே மூச்சில் சொல்ல எல்லைக்காரனை விட்டால் யாருக்கு அவசியம்?

"நம்மதுதான் பழசு"ன்னு மார்தட்டக் கட்டடம் கேட்கலை. தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து எழுதின பலகையும், வட்டெழுத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கக் கத்துக்கொடுக்கும் ஒரு மேசையும் போதும்.

நான் பிழைக்க வந்த வேல்ஸில் மஹன்லெத்னு ஒரு சின்ன ஊர். ஆங்கில அரசனை எதிர்த்த ஓவைன் க்ளின்டூர் 1404-ல் பாராளுமன்றம் கூட்டின ஊர். அவர் பேரில் ஒரு பழைய கல் கட்டடத்தைக் காட்டுறாங்க. கட்டடம் அவர் காலத்துக்குப் பிந்தியதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதுக்காக யாரும் இடிக்கலை. இந்த நாட்டில் பொதுப் பலகைகளில் வெல்ஷும் ஆங்கிலமும் சேர்ந்தேதான் நிற்குது.

"யாரு வருவா, லாபம் வருமா?"ன்னு கேட்பீங்க. கடன் விண்ணப்பம் படிச்சே கண் பூத்தவன் சொல்றேன், நுழைவுக் கட்டணத்தில் இது ஓடாது. ஓடு மாத்தி, வெள்ளையடிச்சு, ரிப்பன் வெட்டுறதுக்குப் பணம் எப்படியும் வந்துரும். மூணாம் வருஷம் ஒழுகும்போதுதான் ஆளிருக்காது. கரண்ட் பில், தினம் திறந்து பூட்டி விளக்கம் சொல்ல ஒருத்தர் சம்பளம், இதுக்குத்தான் வைப்புநிதி வேணும். வளைகுடாவிலும் லண்டனிலும் இருக்கிற நம்ம குடும்பங்கள் கோயில் கொடைக்கு எழுதுற தொகையில் ஒரு பங்கு போதும். பளிங்கில் பேர் வெட்டச் சொல்லாமல் கொடுங்க மக்கா. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறவங்க, எந்தப் பழைய கட்டடம் யார் பேரில் இருக்குன்னு பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு நடை கேட்டுட்டு வாங்க.