பெரிய பள்ளிக்கூட மோகம்

சித்திரை, வைகாசி மாதங்கள் வந்துவிட்டால் நமது நகரங்களில் படித்தவர்கள் கூடுமிடமெல்லாம் ஒரே விவகாரந்தான். ரயில் வண்டியிலும், கடற்கரை மணலிலும், கல்யாணப் பந்தலிலும் தந்தைமார் கூடித் தர்க்கிக்கிறார்கள். எந்தப் பள்ளிக்கூடம் உயர்ந்தது, எதன் பெயருக்கு மதிப்பு அதிகம் என்பதே தர்க்கம். அத்தகைய தர்க்கமொன்றை அண்மையில் ஒரு கல்யாண வீட்டில் நாம் கேட்க நேர்ந்தது. தாம் குறித்து வைத்திருக்கும் பள்ளியில் ஜட்ஜுகள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றார் ஒருவர். தம் மகன் போகும் பள்ளியில் நீந்தக் குளமும் ஏறக் குதிரையும் உண்டு என்றார் மற்றொருவர். தம் மகளுக்கு இடம் கிடைக்க இரண்டு வருஷம் காத்திருக்க நேர்ந்ததென்று பெருமையோடு சொன்னார் மூன்றாமவர். அங்கே பாடம் சொல்லும் உபாத்தியாயர் யார், அவர் எத்தனை வருஷமாக அப்பள்ளியில் நிலைத்திருக்கிறார், மந்தமான பிள்ளையை எவ்வாறு நடத்துகிறார் என்று அந்தச் சபையில் ஒருவராவது கேட்டாரில்லை.

நம் மனத்தை வருத்தியது வேறொன்று. அவர்களில் ஒருவர் பொதுக்கூட்ட மேடைகளில் தாய்மொழிக் கல்வியைப் பற்றியும், சர்க்கார் பள்ளிகளைக் காப்பதைப் பற்றியும் உருக்கமாகப் பேசக்கூடியவர். அவரும் தம் மகனுக்காகச் சிபார்சுக் கடிதம் தேடிக்கொண்டிருந்தார். உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா என்று நாம் கேட்கிறோம்.

பெரிய பள்ளி என்னும் கீர்த்தி எதனால் ஆகிறது? வாயிலிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, வீட்டில் படித்த தாய் தந்தையரும் மாலையில் தனி வாத்தியாரும் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் தன் பெருமையாகப் பலகையில் எழுதி வைப்பது சாமர்த்தியமே தவிரக் கல்வியாகாது. மார்க்குப் பசி எவ்வளவு தூரம் போயிற்றென்பதற்கு நமது மாகாணத்தின் அனுபவமே சாக்ஷி. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் வேரூன்றியது. அதனைத் தடுக்கவே 2017-18-ஆம் கல்வியாண்டில் பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுப் பரீக்ஷை வைக்க நேர்ந்தது. அதே 2017-ல் முதலிடம், இரண்டாமிடம் என்று மாநில ராங்குப் பட்டியல் வெளியிடும் வழக்கத்தையும் சர்க்கார் நிறுத்தினர். உருப்போடுவதையே வித்தையென்று விலை கொடுத்து வாங்கினவர்கள் நாம்தான்.

இந்தக் கௌரவத்தின் மெய்யான இலக்கணம் என்னவென்பது சமச்சீர்க் கல்வி வந்தபோது வெளிப்பட்டது. ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு பாடத்திட்டங்கள் நம் மாநிலத்தில் தனித்தனியே நடந்துவந்தன. அவற்றை ஒன்றாக்க 2010-ல் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு அதை நிறுத்திவைக்க முயற்சி நடந்து, வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2011 ஆகஸ்டு 9-ஆம் தேதி தீர்ப்புக்குப் பின் அமலுக்கு வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே புஸ்தகம் என்றானவுடன் நடந்ததென்ன? மெட்ரிகுலேஷன் என்ற சொல்லின் ஒளி மங்கிற்று. பெயர்பெற்ற பள்ளிகள் சில சி.பி.எஸ்.இ. என்று புதுப் பலகை மாட்டின. பெற்றோரும் அவற்றின் பின்னே சென்றார்கள். தேடப்பட்டது நல்ல பாடம் மட்டுமானால், பாடம் பொதுவானதற்காக யாரும் ஓடவேண்டியதில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைக்குக் கிடைக்காதது நம் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டும் என்ற எண்ணமே பெரும்பாலும் பள்ளியின் கீர்த்தியாக நடமாடுகிறது. விலகியிருப்பதன் பெயரே இங்கே கௌரவம்.

இந்த நோய் புதிதன்று. ராஜகுமாரர்களுக்கென்று ஆஜ்மீரில் மேயோ கல்லூரியை 1875-ல் நிறுவிய வெள்ளையரின் நோக்கம் நாம் அறிந்ததே. அதற்கு மாறாக, 1920-ல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது நம் முன்னோர் சர்க்கார் கலாசாலைகளிலிருந்து பிள்ளைகளை வெளியேற்றினர். குஜராத் வித்யாபீடம் போன்ற தேசியக் கல்வி ஸ்தாபனங்களை எழுப்பினர். பிள்ளையின் வருங்காலத்தையே தேசத்துக்குக் காணிக்கையாக்கிய காலம் அது. அக்காலத்திலும் நம் நாட்டில் ஒரு கறை ஏற்பட்டது. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் பொதுமக்கள் பணத்தைக் கொண்டு நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனிப் பந்தி போடப்பட்டது என்ற புகார் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டையே கலக்கிற்று. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும், பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்த ஸ்தாபனம் நிலைக்கவில்லை. அன்று தனிப் பந்தி கண்டு கொதித்தவர்களின் வழிவந்தோர் இன்று தனிப் பள்ளி தேடி அலைவது விந்தையன்றோ?

பெற்றோர் பக்ஷத்தில் நியாயமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இல்லாத பள்ளிகளும், கழிப்பறையில் தண்ணீர் இல்லாத பள்ளிகளும் உண்டு. இங்கிலீஷ் தெரியாவிட்டால் உத்தியோகம் கிட்டாது என்ற அச்சமும் வீண் அச்சமன்று. தமிழ் வழியில் சர்க்கார் பள்ளியில் படித்த சிவன் 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்தார். அரசுப் பள்ளியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை 2008-ல் சந்திரயானைச் சந்திரனுக்கு அனுப்பிய திட்டத்தின் இயக்குநர். ஆயினும் இரண்டு மேதைகளைக் காட்டி லக்ஷக்கணக்கான பிள்ளைகளின் குறையை மறைப்பது நேர்மையாகாது. சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் 7.5 சதவீதம் தனியே ஒதுக்க 2020-ல் சட்டம் செய்யவேண்டி வந்ததே, வேற்றுமை எவ்வளவு ஆழமானதென்பதற்கு அத்தாக்ஷி. குறை உண்டு. அதற்குப் பரிகாரம் எது என்பதே கேள்வி.

படித்தவரும் பேசத் தெரிந்தவரும் ஒவ்வொருவராக வெளியேறியதால் பொதுப் பள்ளி தன் குரலை இழந்தது. கலெக்டரிடம் மனு எழுதத் தெரிந்த தகப்பன் அங்கே இல்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதத் தெரிந்த தாயும் இல்லை. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் குறையைக் கேட்பார் யார்? அண்டையிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கும் பொதுப் பள்ளி முறையையும், தேச வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்குச் செலவிடுவதையும் கோத்தாரி கமிஷன் 1966-லேயே சிபார்சு செய்தது. இரண்டும் இன்றளவும் கைகூடவில்லை. தங்கள் பிள்ளை படிக்காத பள்ளிக்காக அதிகாரிகளும் தலைவர்களும் அவசரப்படுவார்களா? சர்க்கார் சம்பளம் வாங்குவோரும் மக்கள் பிரதிநிதிகளும் தம் பிள்ளைகளைச் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலேயே சேர்க்கச் செய்யவேண்டும் என்று 2015 ஆகஸ்டில் அலகாபாத் ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. நோயின் வேரைக் கண்டு சொன்ன அந்த உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை.

சட்டம் செய்யாததை மனச்சாக்ஷி செய்யலாம். அதற்கு வழியும் இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதன் அங்கத்தினரில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் ஸ்திரீகளாகவும் இருக்கவேண்டும். லக்ஷக்கணக்கில் பணம் கட்டும் தந்தைக்குப் பெரிய பள்ளியில் கேள்வி கேட்க வாய் இல்லை; கட்டணமே இல்லாத பள்ளியிலோ சட்டமே அவருக்கு ஆசனம் போட்டு வைத்திருக்கிறது. அந்த ஆசனம் காலியாகக் கிடக்கலாமா?

தனியார் பள்ளியையே நாடுவோருக்கும் ஒரு வார்த்தை. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகள் நீங்கலாக, உதவி பெறாத தனியார் பள்ளிகளும் தொடக்க வகுப்பில் கால் பங்கு இடத்தை அண்டையிலுள்ள எளியோரின் பிள்ளைகளுக்குத் தரவேண்டும் என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு 2012 ஏப்ரலில் உறுதி செய்தது. உங்கள் பள்ளி அதைச் செய்கிறதா? சேர்த்த பிள்ளைகளை அதே பெஞ்சில் உட்கார வைக்கிறதா? உபாத்தியாயருக்குக் கையெழுத்து வாங்கிய சம்பளத்தை முழுமையாகக் கொடுக்கிறதா? மார்க்குக் குறையும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு சர்டிபிகேட் கொடுத்து அனுப்பிவிடுகிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கும் நேரான பதில் சொல்லும் பள்ளியே கௌரவமான பள்ளி. குதிரையும் குளமும் பிறகு பார்க்கலாம்.

தேசத் தொண்டர்களுக்கு நாம் முடிவாகச் சொல்வது இதுதான். உங்கள் தெருவிலுள்ள சர்க்கார் பள்ளியில் அடுத்த ஆனி மாதம் உங்கள் பிள்ளை உட்காரட்டும்; அதன் குழுவில் நீங்கள் உட்காருங்கள். ஆசிரியர் வரவில்லையானால் கேளுங்கள். தண்ணீர் இல்லையானால் வரச் செய்யுங்கள். இங்கிலீஷ் போதாதென்றால் நன்றாகப் போதிக்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்காகக் கேட்பது நாற்பது பிள்ளைகளுக்கும் கிடைக்கும். அதைச் செய்யத் துணிவில்லாதவர், கல்வியைப் பற்றி மேடையில் பேசுவதையாவது சற்று நிறுத்திவைப்பாராக.