எருதுக்காக ஒரு கடிதம்

நாகபுரியின் மே மாத வெயிலைப் பற்றி இங்கு வாழும் நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா வேலை பார்க்கும் நாம், நடுப்பகலில் நுகப்புண்ணோடு பாரம் இழுக்கும் எருதுகளைக் காண்கிறோம். "ஐயோ பாவம்" என்று சொல்லிக் கடந்துபோவதை விட, அதையே எழுதி உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்பினால் என்ன?

சட்டம் இல்லாமலில்லை. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை கால்நடைகளை வண்டியில் பூட்டலாகாது என்கின்றன 1965-ஆம் ஆண்டு விதிகள். அவற்றுக்கு மூலமான 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்துக்கு வித்திட்டது, நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் கொணர்ந்த தனிநபர் மசோதாவே. ஆனால் முதற்குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதமோ 10 முதல் 50 ரூபாய்! அதனினும் அச்சேறிய நாலு வரிக்கே அதிகாரிகள் அஞ்சுவர் என்பது நம் எண்ணம்.

எழுதுங்கால் வண்டிக்காரரை வையாதீர்கள். அவரும் கூலிக்கு உழைப்பவரே. இடம், நாள், நேரம், ஏற்றிய மூட்டைகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, நிழலும் தண்ணீர்த் தொட்டியும் கேளுங்கள். மராத்தியில் எழுதுவது நலம். பள்ளி செல்லும் நம் பிள்ளைகள் பிழை திருத்தித் தருவார்கள். பெயரும் முகவரியும் அவசியம். மொட்டைக் கடிதம் குப்பைக்கூடைக்கே போகும்.

"வெளியூராருக்கு ஏன் இந்த வம்பு?" என்று சில அன்பர்கள் கேட்கின்றனர். இவ்வூரில் வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம். கடிதம் மட்டும் எழுதலாகாதா? அச்சான நறுக்குகளைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். மாநகராட்சிக்குத் தரும் மனுவோடு இணைப்போம்.